பூரியின் ஓனர்

ஹேமந்த் அனுப்பிய பில் பொன்னியின் போனில் வந்து விழுந்தபோது, அவள் அதே ஹேமந்தின் பங்களா சமையலறையில், அதே ஹேமந்தின் நாய்க்குக் கோழிச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு பார்த்தாள். சென்னையில் ஏதோ ஒரு செல்லப்பிராணி ஆஸ்பத்திரியின் பில். விரலால் தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"பொன்னி, ஆஸ்கரோட பில் அனுப்பியிருக்கேன், பாத்துக்கோ. டிக் ஃபீவராம். தெரு நாய்ங்களோட பழகினா உண்ணி ஒட்டிக்கும்னு டாக்டரே சொன்னாரு. உன் நாயை கேட் பக்கம் விடாதேன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன். முழுசா உன்கிட்ட கேக்கல. பாதிதான். இந்த மாசத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமா சம்பளத்துல கழிச்சுக்கறேன். சரியா?"

பொன்னி அதை இரண்டு முறை கேட்டாள். முதல் முறை விளையாட்டுக்குச் சொல்கிறான் என்றுதான் பட்டது. இரண்டாம் முறை அப்படிப் படவில்லை. பிசைந்த சோற்றை ஆஸ்கரின் தட்டில் போட்டுவிட்டு, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காது சூடாகியிருந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். கத்த மாட்டாள். காது சூடாகும், பேச்சு குறையும், அப்புறம் ஏதாவது ஒரு காரியத்தைச் செய்துவிடுவாள். அவள் புருஷன் கிருபாகரன் பயப்படுவது அந்தக் காரியத்துக்குத்தான்.

பொன்னிக்கு நாற்பதை நெருங்குகிற வயது. திருவிடந்தையில் மெயின் ரோட்டுக்கு உள்ளே தள்ளியிருக்கிற காலனித் தெருவில் வீடு. அவளுடைய அப்பா அம்மா காலத்தில் அந்தப் பக்கத்து நிலங்களில் நாற்று நட்டார்கள், கதிர் அறுத்தார்கள். எதுவும் அவர்கள் நிலமில்லை. நிலங்கள் பிளாட்டாகி, பிளாட்டுகள் பங்களாவாகி, மதில்சுவர் எழும்பிய பிறகு, கூலிக்குப் போனவர்களின் பிள்ளைகள் மதிலுக்கு உள்ளே தோட்டக்காரராகவும் சமையல்காரியாகவும் போனார்கள். பொன்னி பத்தாவது பாஸ் செய்தவள். பல வீடுகளில் வேலை பார்த்துவிட்டு, கடலைப் பார்த்தாற்போலிருந்த ஹேமந்தின் வார இறுதி பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கிருபாகரன் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். கடலோரத்தில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும் என்பதால் பங்களாக்களும் ரிசார்ட்டுகளும் அவனைப் போன்றவர்களை நம்பித்தான் குளிக்கின்றன. அவர்களுக்கு ஒரே பெண், சிநேகா. செங்கல்பட்டில் காலேஜ் படிக்கிறாள்.

பூரி அவர்கள் வீட்டுக்கு வந்தது ஒரு மழைக்காலத்தில். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் லாரிச் சக்கரத்துக்கு அடியில் ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. வண்டியை எடுக்க மனசு வராமல் கிருபாகரன் அதைக் கேபினில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். வயிறு மட்டும் உப்பி, மீதியெல்லாம் எலும்பாக இருந்த அந்தக் குட்டிக்கு சிநேகாதான் பூரி என்று பெயர் வைத்தாள். வளர்ந்த பிறகு வயிறு இறங்கிவிட்டது, பெயர் நின்றுவிட்டது. செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். தினமும் பொன்னியோடு பங்களா வரைக்கும் நடந்து வந்து, கேட்டுக்கு வெளியே சவுக்கு மர நிழலில் படுத்துக்கொள்ளும். சாயங்காலம் அவளோடு திரும்பிப் போகும்.

ஆஸ்கர் கோல்டன் ரிட்ரீவர். ஹேமந்தின் சென்னை ஃபிளாட்டில் குழந்தை பிறந்ததும், நாய் முடி குழந்தைக்கு ஆகாது என்று அதைக் கொண்டுவந்து பங்களாவில் விட்டார்கள். சனி ஞாயிறு வந்து கொஞ்சுவார்கள். மற்ற நாட்களில் அதற்குச் சோறு வைத்தது, முடி வாரியது, இடி இடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் பொன்னிதான். கேட் கம்பிக்கு இந்தப் பக்கம் ஆஸ்கரும் அந்தப் பக்கம் பூரியும் மூக்கோடு மூக்கு வைத்துப் படுத்திருப்பதை ஹேமந்தே போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறான். நிறைய லைக் வந்ததாம். அவனே சொன்னான்.

உண்ணி எங்கிருந்து வந்தது என்பதில் பொன்னிக்குச் சந்தேகமே இல்லை. கோடை லீவுக்கு ஹேமந்த் குடும்பம் கூர்க் போனபோது ஆஸ்கரைச் சென்னையில் நாய்களைத் தங்கவைக்கிற ஒரு இடத்தில் விட்டார்கள். பொன்னி தன் கொழுந்தன் வீட்டுக் கல்யாணத்துக்கு லீவு கேட்டிருந்ததால் வந்த ஏற்பாடு. திரும்பி வந்த ஆஸ்கரைக் குளிப்பாட்டும்போது காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் மிளகு மிளகாக உண்ணி இருந்தது. அன்றைக்கே ஹேமந்துக்குப் போன் போட்டாள்.

"சார், ஆஸ்கர் ஒடம்பு பூரா உண்ணியா கீது. மருந்து எதுனா வாங்கியாங்க சார். இல்லன்னா பேரு சொல்லுங்க, நானே இங்க வாங்கிக்கிறேன்."

"வீக்எண்ட் வர்றேன்ல, பாத்துக்கலாம்."

அந்த வாரம் அவன் வரவில்லை. மறுபடி சொன்னாள். அடுத்த வாரமும் வரவில்லை. வந்தபோது ஆஸ்கர் காய்ச்சலில் படுத்திருந்தது. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு சென்னைக்குப் பறந்தான். நாய் பிழைத்தது. மாத்திரையோடு திரும்பி வந்தது. அதற்குப் பின்னால்தான் இந்த பில்.

அன்று சாயங்காலம் பொன்னி கேட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பூரி எழுந்திருக்கவில்லை. இரண்டு நாளாகவே அது சரியாகச் சாப்பிடவில்லை. வெயிலுக்கு அப்படி இருக்கிறது என்று நினைத்திருந்தாள். கூப்பிட்டதும் தலையைத் தூக்கியது. மூக்கிலிருந்து ஒரு கோடாக ரத்தம் இறங்கியிருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு வெளுத்துப் போயிருந்தது. ஆஸ்கருக்கும் அப்படித்தான் இருந்தது.

அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலையில் முதலில் போன் போட்டது, பங்களாவுக்குக் காரில் வந்து ஆஸ்கருக்கு ஊசி போட்டுவிட்டுப் போகிற டாக்டருக்கு. அவர் நம்பர் அவளிடம் இருந்தது. ஊசி போடும்போதெல்லாம் ஆஸ்கரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

"சொல்லும்மா. ஆஸ்கருக்கு என்ன?"

"ஆஸ்கர் இல்ல சார். எங்க வூட்டு நாயி. மூக்குல ரத்தம் வந்துகினே கீது. துன்னவே மாட்டேங்குது."

"நான் இப்ப விசிட்ல இருக்கேன்மா. இந்த மாதிரி தெரு நாய்ங்களுக்கு எல்லாம் டிரஸ்ட்காரங்க இருக்காங்க. ஹேமந்த் சார்கிட்ட கேளு, நம்பர் குடுப்பாரு."

தெரு நாய் இல்லை என்று அவள் சொல்வதற்குள் போன் கட்டாகிவிட்டது.

அடுத்து, பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் சிநேகா ஓட்ட, பின்னால் பூரியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மெயின் ரோட்டில் கண்ணாடி முகப்போடு இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனாள். உள்ளே ஏசி. சுவரில் நாய்க்குட்டிகளின் படம். கவுண்டரில் இருந்த பெண் பொன்னிக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள்.

"மேடம் வரலையா?"

"எந்த மேடம்?"

"பெட்டோட ஓனர். அவங்க பேருல தான் ரெஜிஸ்டர் பண்ணணும். ஓனர் பேரு என்ன?"

"பொன்னி."

"உங்க பேரு இல்லம்மா. நாயோட ஓனர் பேரு."

"என் பேரு தான் பொன்னி. நான் தான் ஓனரு."

அந்தப் பெண் நிமிர்ந்து போர்வைக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. கெட்டவள் என்று சொல்ல முடியாது. பரிதாபம்தான் பட்டாள். டிராயரைத் திறந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினாள். "இவங்க ஃப்ரீயா பாப்பாங்க. வண்டி அனுப்புவாங்க, ஆனா லேட் ஆகும். இங்க அட்மிட் பண்ணணும்னா அட்வான்ஸே நெறைய ஆகும்மா. உங்களால முடியாது."

"நான் ஃப்ரீயா பாருங்கன்னு கேட்டனா?" என்றாள் பொன்னி. குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. "எவ்ளோன்னு சொல்லுங்க. முடியும் முடியாதுன்னு நான் சொல்றேன்."

அந்தப் பெண் ஒரு தொகை சொன்னாள். பொன்னியின் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவு. அது முன்பணம் மட்டும். அவளால் முடியாதுதான். கவுண்டர் பெண் சொன்னது சரியாகிப்போனதே என்பதுதான் பொன்னிக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. கார்டைக் கவுண்டர் மேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். சிநேகா ஸ்கூட்டரை எடுக்கத் தடுமாறினாள். அவளுக்கு அழுகை வந்துகொண்டிருந்தது.

"அழுவாத. ஓட்டு. கவர்மெண்ட்டு ஆஸ்பத்திரிக்குப் போ."

பக்கத்து ஊரில் இருந்த அரசு கால்நடை மருந்தகத்தில் டாக்டர் இல்லை. மாடுகளுக்குக் கோமாரி தடுப்பூசி போடுகிற முகாமுக்குப் போயிருந்தார். வெளியே சினை மாட்டோடு ஒருவர், காலொடிந்த ஆட்டோடு ஒருவர் என்று இன்னும் சிலர் காத்திருந்தார்கள். உதவியாளர் ஆனந்தன் பூரியின் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது தாங்காது மா, ரத்தம் கம்மியா கீது. டாக்டரு வர்றதுக்குச் சாயந்திரம் ஆவும். அவருக்கு மூணு ஊரு. நீ செங்கல்பட்டு போயிடு. கலையரசன் டாக்டருன்னு ஒருத்தரு, மாட்டுத் தீவனக் கடைக்குப் பின்னாடி வெச்சிருக்காரு. ரத்தம் பாக்குற வசதி கீது. போன் போட்டுச் சொல்றேன், போ."

செங்கல்பட்டு வரைக்கும் ஸ்கூட்டரில் போக முடியாது. ஆட்டோக்காரன் ஒருவன் நாயைப் பார்த்ததும் மாட்டேன் என்றான். இன்னொருவன் கேட்ட காசைக் கேட்டு இவள் மாட்டேன் என்றாள். கிருபாகரனுக்குப் போன் போட்டாள்.

"வண்டி லோடுல கீது பொன்னி. அபார்ட்மெண்டுக்காரன் காலையிலேருந்து போன் மேல போன் போட்டுகினு கீறான். எறக்கிட்டு வந்துடறேன்."

"நீ எறக்கிட்டு வா. வந்து இத எங்க பொதைக்கிறதுன்னு எடம் பாரு."

போனை வைத்துவிட்டாள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளையே குத்தியது. மருந்தகத்து வேப்ப மரத்தடியில் பூரியின் மூக்கைத் துணியால் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். யார் மேல் கோபம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஹேமந்த், அந்தக் கார் டாக்டர், கவுண்டர் பெண், மூன்று ஊருக்கு ஒரு டாக்டரைப் போட்டவர்கள், புருஷன் எல்லோரும் ஒன்றாகக் கலந்துகிடந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. தண்ணீர் தளும்பித் தளும்பி ஓரமெல்லாம் கொட்ட, லோடோடு லாரியைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தான் கிருபாகரன். இறங்கி வந்து பூரியை வாங்கிக் கேபினில் வைத்தான். சிநேகாவை ஸ்கூட்டரோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பொன்னி ஏறிக்கொண்டாள். திருப்போரூர் தாண்டி, காட்டுப் பக்கமாகப் போகிற ரோட்டில், முழு லாரித் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு அவர்கள் செங்கல்பட்டுக்குப் போனார்கள். வழியெல்லாம் அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருமுறை எடுத்து, "வண்டி ரிப்பேரு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அணைத்துவிட்டான்.

கலையரசனின் கிளினிக் பழைய கார் ஷெட் மாதிரி இருந்தது. ஐம்பதைத் தாண்டிய மனிதர். செருப்பில் சாணி காய்ந்திருந்தது. காலையில் எங்கோ மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பூரியை மேஜையில் கிடத்தினார். காது நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, உள்ளே போய் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தார்.

"உண்ணிக் காய்ச்சல். லேட்டா வந்துருக்க. ஆனா இன்னும் நேரம் இருக்கு." டிரிப் ஏற்றிக்கொண்டே கேட்டார். "வெறிநாய் ஊசி எப்ப போட்ட?"

பொன்னி பூரியின் போர்வையைச் சரிசெய்தாள்.

"குட்டியா இருக்கும்போது எதுனா ஊசி? பூச்சி மருந்து?"

"இல்ல சார்."

"ஒண்ணுகூடவா?" அவர் குரல் உயர்ந்தது. "கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில வெறிநாய் ஊசிக்குப் பெருசா ஒரு செலவும் கெடையாது. உண்ணிக்கு முதுகுல ஊத்துற மருந்து ஒரு டியூபு. அது ஊத்தியிருந்தா இன்னிக்கு இவ்ளோ தூரம் வந்திருக்க வேணாம். நாய் வளக்கறேன்னு சொல்றீங்க, சோறு போட்டா வளத்த மாதிரியா? வூட்ல புள்ள குட்டி இருக்குமில்ல? அதுங்களைக் கடிச்சிருந்தா?"

பொன்னியின் காது மறுபடி சூடானது. இந்த முறை அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்றது. ஆஸ்கருக்கு ஊசி போடுகிற தேதி, பூச்சி மாத்திரை தருகிற மாதம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அதைப் பிடித்துக்கொண்டு நின்ற நாளெல்லாம் கேட்டுக்கு வெளியே படுத்திருந்த தன் நாய்க்கும் அது வேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. அதெல்லாம் அந்த மாதிரி நாய்களுக்கு என்று அவளும்தான் நினைத்திருந்தாள். கவுண்டர் பெண் நினைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தபோது அவளுக்கு வாய் கசந்தது.

டிரிப் இறங்கிக்கொண்டிருந்தபோது கேட்டாள். "சார், ஒண்ணு கேக்கணும். இந்த உண்ணி யாருகிட்டேந்து யாருக்கு வந்ததுன்னு ரத்தத்துல தெரியுமா?"

விஷயத்தைச் சொன்னாள். பங்களா, ஆஸ்கர், தங்கவைத்த இடம், பில், எல்லாம். கலையரசன் கேட்டுக்கொண்டார்.

"உண்ணிகிட்ட ஆதார் கார்டா இருக்கு? புல்லுல இருக்கும், செவுத்துல இருக்கும். உன் நாய்கிட்டேந்து அதுக்கு வந்திருக்கலாம், அதுகிட்டேந்து உன் நாய்க்கு வந்திருக்கலாம். எவனாலயும் சொல்ல முடியாது."

"அத்தயே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார்."

"தெரியாதுன்னு எழுதிக் குடுத்து நீ என்ன பண்ணப் போற? அந்த ஆளுகிட்ட போய்ப் பேசு. பேப்பரு எதுக்கு?"

பூரிக்கு நாலு வாரத்துக்கு மாத்திரை. இடையில் இரண்டு முறை கூட்டிவர வேண்டும். கிருபாகரன் கையில் இருந்ததைக் கொடுத்தான், மீதியைப் போனில் அனுப்பினான். கண்ணாடிக் கிளினிக்கில் கேட்டதில் கால்வாசிகூட இல்லை. ஆனாலும் அந்த மாதம் சீட்டுக்குக் கட்ட வைத்திருந்த பணம் அது. கிளம்பும்போது கலையரசன் சொன்னார். "மாசாமாசம் கேஸ் சிலிண்டர் காசுல பாதி எடுத்து இதுக்குன்னு தனியா போட்டு வை. ஊசி, பூச்சி மாத்திரை, உண்ணி மருந்து எல்லாம் அதுலயே முடிஞ்சிரும். மிச்சம் விழறது இந்த மாதிரி சமயத்துக்கு ஆவும். ஒடம்பு கெட்ட பெறவு டாக்டரத் தேடாதே. நல்லா இருக்கும்போதே தேடி வச்சிக்கோ."

அபார்ட்மெண்டுக்குத் தண்ணீர் அன்று பொழுது சாய்ந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது. கிருபாகரனுக்கு முதலாளியிடம் நல்ல டோஸ் கிடைத்தது.

சனிக்கிழமை ஹேமந்த் வந்தான். பொன்னி காபி போட்டு வைத்துவிட்டு, கூடத்தில் நின்றாள்.

"சார், அந்த பில்லப் பத்திப் பேசணும். உண்ணி கீதுன்னு நான் ஒங்களுக்கு ரெண்டு தபா சொன்னேன்."

"சொன்னே. நான் இல்லேங்கல. ஆனா வந்தது எங்கேருந்து? அதைத்தான் நான் பேசறேன்." அவன் கோபமாக இல்லை. சிரித்த முகமாகவே பேசினான். "பொன்னி, உன் மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல. முழு பில்லையும் நான் கேட்டிருக்கலாம். ஃபேரா இருக்கணும்னுதான் பாதி."

"அப்டின்னா என் நாயிக்கு ஆன செலவுல பாதி நீங்க குடுங்க. அதுக்கும் அதே காச்சல் தான். இங்கேந்து வந்தது தான்."

ஹேமந்த் சிரித்துவிட்டான். வேண்டுமென்று சிரித்ததல்ல, தானாக வந்த சிரிப்பு. "அது தெரு நாய் பொன்னி."

பொன்னியின் காது சூடானது. எதிரில் இருந்தவனுக்கு அவள் காதைப் படிக்கத் தெரியாது. இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து டீப்பாய் மேல் வைத்தாள்.

"நான் நின்னுக்கிறேன் சார்."

"என்ன இது, இதுக்குப் போயா? உக்காரு, பேசலாம். திடீர்னு போனா ஆஸ்கரை யார் பாத்துப்பா?"

"அதுக்கு நீங்க தான் ஓனரு."

சமையலறையில் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். வாசல் வரைக்கும் போனவள் நின்று திரும்பினாள். கோபத்தில் இதைச் சொல்லாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். முடியவில்லை.

"ஆஸ்கருக்கு மாத்திரை காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வெறும் வயித்துல குடுக்காதீங்க, வாந்தி எடுக்கும். சோத்துல வெச்சா துப்பிடும். வாழப்பழத்துல வெச்சிக் குடுங்க."

ஆஸ்கர் வாலை ஆட்டிக்கொண்டு கேட் வரைக்கும் கூடவே வந்தது. கேட்டைச் சாத்தும்போது அவள் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த மாதச் சம்பளத்தில் ஹேமந்த் கழித்தது கழித்ததுதான். பொன்னி கேட்டு அனுப்பிய மெசேஜ்களில் நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. ஒரு வாரம் கழித்து, பங்களாவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த செல்லம்மாவைக் கடையில் பார்த்தபோதுதான் வேறொரு சேதி தெரிந்தது. பங்களாவில் தண்ணீர் தீர்ந்து மூன்று நாள் ஆகிறதாம். எந்த லாரிக்குப் போன் போட்டாலும் லோடு இல்லை என்கிறார்களாம்.

பொன்னி நேராக வீட்டுக்குப் போனாள். கிருபாகரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா வேல பண்ணிகினு கீற நீ?"

"நான் இன்னா பண்ணேன்? பசங்ககிட்ட விசயத்த சொன்னேன். அவனுங்களே போவ மாட்டோம்னு சொல்ட்டானுங்க. காசு வர்ற வரைக்கும் கெடக்கட்டும்."

"காசு தர வேண்டியவன் மெட்ராஸ்ல குளிச்சிட்டு நல்லா தான் கீறான். இங்க நாயி தண்ணி இல்லாம கெடக்குது. செல்லம்மா கொடத்துல தூக்கினு போவுது. அந்த அம்மாவுக்கு இன்னா தலையெழுத்து?"

"ஒனக்காக தான பொன்னி."

"நான் கேட்டனா?"

அவன் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். பொழுது சாய்வதற்குள் ஒரு லோடு இறங்கியது. ஆனால் தண்ணீர் நின்ற சேதி அதற்கு முன்பே சென்னைக்குப் போயிருக்க வேண்டும். இரண்டு நாளில் கழித்த பணம் பொன்னியின் கணக்கில் வந்து விழுந்தது. ஒரு வார்த்தை இல்லை. வெட்கப்பட்டு அனுப்பினானா, தண்ணீருக்குப் பயந்து அனுப்பினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. வெட்கப்பட்டு என்று நம்ப அவளுக்கு விருப்பமும் இல்லை. மழைக்காலம் தொடங்குமுன் ஆஸ்கரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் செல்லம்மா சொன்னாள். யாருக்கு என்று கேட்கப் பொன்னிக்கு உரிமை இல்லை. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குச் சோறு இறங்காது.

பூரி பிழைத்தது. உடம்பு தேற மாதங்கள் ஆயின. பொன்னி கேளம்பாக்கத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டல் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளம் கொஞ்சம் குறைவு. மாதா மாதம் சம்பளம் வந்ததும், கலையரசன் சொன்ன பாதி சிலிண்டர் காசைப் போஸ்ட் ஆபீசில் பூரிக்காகத் தொடங்கிய தொடர் வைப்பில் கட்டிவிடுவாள். தெருவில் கேலி பேசினார்கள். "மனுசனுக்கே ஆஸ்பத்திரிக்கு வழியக் காணோம், நாயிக்குச் சேக்குறா பாரு."

"மனுசனுக்கு சேக்க வேணாம்னு நான் சொன்னனா? நீயும் சேரு" என்பாள்.

கேலி பேசியவர்களில் பூவாயியும் உண்டு. இரண்டு கறவை மாடு வைத்திருப்பவள். அவளுடைய ஒரு மாடு மடிநோயில் பால் வற்றி, வெளியூர் டாக்டரை வண்டி வைத்துக் கூட்டிவந்து அவள் தண்டம் அழுத பிறகு, பொன்னியிடம் வந்து மெதுவாக அந்தச் செங்கல்பட்டு டாக்டர் நம்பரைக் கேட்டாள். அப்போதுதான் பொன்னிக்கு அந்த யோசனை வந்தது. கலையரசனுக்குப் போன் போட்டாள். ஒரே ஒரு நாய்க்காக அவர் இவ்வளவு தூரம் வர மாட்டார். தெருவில் இருக்கிற மாடு, ஆடு, நாய் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்ப்பதென்றால் வருவார். பெட்ரோல் செலவை எல்லோரும் பிரித்துக்கொள்ளலாம். அவர் ஒப்புக்கொண்டார்.

ஆட்களைச் சேர்ப்பதற்குள் பொன்னியின் உயிர் போய் உயிர் வந்தது. ஒருவர் நாயைக் கட்டமாட்டேன் என்றார். ஒருவர் ஊசி போட்டால் நாய் சோம்பிவிடும் என்றார். பத்து ஆடு வைத்திருக்கிற சடையப்பன், நாய்க்கும் ஆட்டுக்கும் ஒரே பங்கா என்று சண்டைக்கு வந்தார்.

"ஒங்களுக்குப் பத்து ஆடு, அண்ணாத்த. எனக்கு ஒரே நாயி. பாத்தா நான் தான் கேக்கணும் அந்தக் கேள்விய."

அவர் பங்கைக் கொடுக்காமலேயே ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை, பஞ்சாயத்து டேங்க் பக்கம். கலையரசன் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வந்தபோது வெயில் ஏறியிருந்தது. மாடுகள் கயிற்றை இழுத்தன, நாய்கள் ஒன்றையொன்று பார்த்து உறுமின, தாமதத்துக்காக எல்லோரும் பொன்னியைத்தான் திட்டினார்கள். அவள் சடையப்பனின் ஆடுகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே வேட்டி மடிப்பிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்த பிறகுதான் விலகினாள்.

வெறிநாய் ஊசி போடும்போது பூரி கலையரசனின் சட்டைக் கையைக் கவ்விக் கிழித்துவிட்டது. எல்லாம் முடிந்து அவர் பைக்கை ஸ்டார்ட் செய்தபோது பொன்னி முன்சக்கரத்துக்கு எதிரில் வந்து நின்றாள்.

"அடுத்து எப்ப சார்?"

"அடுத்த மாசம் முடியாதும்மா. எனக்கு அங்க வேலை இருக்கு. போன் பண்றேன்."

"போன் பண்றேன்னு சொன்னவங்கள எல்லாம் நான் நெறைய பாத்துட்டேன் சார். அதுக்கு அடுத்த மாசம்னாலும் சரி. தேதி சொல்லுங்க."

அவர் கிழிந்த சட்டைக் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பொன்னி நகரவில்லை. கலையரசன் எஞ்சினை அணைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காலண்டரைத் திறந்தார்.